பசீலாவின் மற்ற வேலை

மகன்,

நலம் விசாரிக்கும் வரிகளை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் என் முழங்கால், அப்பாவின் இருமல், பின்பக்கத்து மதில் என்று எல்லாவற்றின் நலத்தையும் நீ கேட்டு முடித்துவிட்டாய். கதையை முடிக்கப் போகிற நேரத்தில்தான், போகிற போக்கில் சொல்வதுபோல அந்தச் செய்தியைச் சொன்னாய். "அம்மா, பசீலாவை முழுநேரமாக்கப் போறன். பாமசி வேலையை விடச் சொல்லிக் கேட்டிருக்கிறன். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுறன் எண்டவ. உங்களுக்குச் சந்தோசம்தானே?" நான் ஓம் என்றேன். எனக்குச் சந்தோஷம் இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நான் எதைத் தொடங்கினாலும் "ஓம் அம்மா, விளங்குது அம்மா" என்று நீ மூடிவைத்துவிடுவாய். அந்தப் பழக்கம் உனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. கடிதத்துக்கு இடையில் புகுந்து ஓம் போட முடியாது என்பதால்தான், இந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சமையலை அப்பாவின் தலையில் கட்டிவிட்டு எழுத இருக்கிறேன். இதைப் பின்னேர பஸ்ஸில் சாரதியிடம் கொடுத்துவிடுவேன். நாளைக்குப் புறக்கோட்டையில் போய் வாங்கிக்கொள். வெள்ளிக்கிழமைக்கு முன் வாசித்து முடி.

அடுத்த திங்கட்கிழமை என் கதிரையில் நீ இருக்கப் போகிறாய். கொழும்பில் பெரிய வானொலி ஒன்றில் இத்தனை வருடம் வேலை செய்துவிட்டு, நானும் அப்பாவும் உள்துறைமுக வீதியில் மூன்று அறைகளில் தொடங்கிய இந்தச் சின்ன வானொலிக்கு நீ திரும்பி வருவது எனக்குப் பெருமைதான். ஆனால் நீ எதைப் பொறுப்பெடுக்கிறாய் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள். கப்பல்துறையைத் தாண்டினால் நம் ஒலிபரப்பு இரையத் தொடங்கும். தம்பலகாமத்தில் வயல் வரம்பில் நின்றால் கேட்கும், வீட்டுக்குள் போனால் கேட்காது. கடலுக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவில் மட்டும் பக்கத்து வீட்டில் கதைப்பதுபோலக் கேட்கும். இந்த எல்லைக்குள் நமக்கு ஆறு அறிவிப்பாளர்கள். ஆறு பேருக்கும் வேறு வேலை இருக்கிறது. ஒருவர் தபால் கந்தோரில் இருக்கிறார், மூன்று பேர் படிப்பிக்கிறார்கள், ஒருவருக்குத் தையல் கடை, பசீலாவுக்குப் பாமசியில் மருந்துக் கவுண்டர். யாருமே முழுநேரம் இல்லை. கொழும்பிலிருந்து வருகிற கண்ணுக்கு அது பாதியில் நிற்கிற வீடு மாதிரித்தான் தெரியும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தெரிந்தது. அதனால் ஒருவருடைய வாழ்க்கையில் நான் என்ன செய்துவைத்தேன் என்பதை இன்றைக்கு உனக்குச் சொல்லப் போகிறேன். இதுவரை உனக்கு அதைப் பற்றிப் பொய்தான் சொல்லியிருக்கிறேன்.

அதற்கு முன் பசீலாவை எங்கே கண்டுபிடித்தேன் என்று கேள். நீ அவளை ஒரு குரலாக மட்டுமே அறிவாய். வானொலிக்கு ஆள் தேவைப்பட்டபோது எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். "இனிய குரல்வளம் உள்ளவர்கள் தேவை" என்று விளம்பரம் போட்டேன். ஒரு சனிக்கிழமை முழுக்க வாசல்வரைக்கும் ஆட்கள். வெளியே நிற்கும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கதைத்தார்கள். கலையகத்துக்குள் வந்து ஒலிவாங்கிக்கு முன் இருந்ததும் எல்லோருக்கும் ஒரே குரல், தொலைக்காட்சியில் பார்த்த யாரோ ஒருவருடைய குரல். ஒரு பொடியன் வசனத்துக்கு வசனம் சிரித்தான். என்ன சிரிப்பு தம்பி என்று கேட்டதற்கு, "கலகலப்பு மிஸ்" என்றான். கப்பல்துறையிலிருந்து வந்த ஒரு பிள்ளை கதவைத் திறந்ததும், "சொறி மிஸ், பஸ்ஸில தொங்கிக்கொண்டு வந்தனான். தலை ஒருக்கா இழுத்துப்போட்டு வாறன்" என்றாள். அன்று முழுவதும் நான் கேட்ட நல்ல வசனம் அது ஒன்றுதான். தலையை இழுத்துச் சீவிவிட்டு வந்து ஒலிவாங்கியைக் கண்டதும் அவளும் "வணக்கம் அன்பு நெஞ்சங்களே" என்று இழுக்கத் தொடங்கிவிட்டாள். பின்னேரம் அப்பா கேட்டார், "எத்தினை பேர் சரி?" ஒருவரும் இல்லை, நான் கூப்பிட்ட விதம்தான் பிழை என்றேன். அந்த மாதிரி விளம்பரத்தைப் பிறகு நான் போடவே இல்லை.

அதற்குப் பிறகு வரிசைகளில் நின்றுதான் ஆள் தேடினேன். தபால் கந்தோர், அரசாங்க அதிபரின் கச்சேரி, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் யார் கதைக்கும்போது இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் மணிக்கூட்டைப் பார்க்காமல் நிற்கிறார்கள் என்று கவனிப்பேன். ஒருநாள் பிரஷர் குளிசை வாங்க டவுனில் நான் வழமையாகப் போகிற பாமசிக்குப் போனேன். எனக்கு முன்னால் அன்புவழிபுரத்து ஐயா ஒருவர் இரண்டு குளிசை அட்டைகளை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நின்றார். கவுண்டரில் நின்ற புதுப் பிள்ளை அட்டையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "ஐயா, காலையில என்ன சாப்பிட்டீங்க?" "ஒண்டுமில்லைப் பிள்ளை. தேத்தண்ணி மட்டும்." "அப்ப இத இப்ப போட வேணாம். வீட்ட போய் ரெண்டு துண்டு பாண் சாப்பிட்டுப்போட்டு இந்தச் சிவப்பு. வெள்ள படுக்கக்க. எங்க, இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க பாப்பம்." அவர் சொன்னார். பிழைத்தது. சிரிக்காமல் திரும்பவும் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாம் முறை சரியாகச் சொன்னார். பின்னால் ஆறு பேர் நின்றோம், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண் தன் பையைத் திறந்து தன்னுடைய குளிசைகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள். எனக்கு அது போதும். என் முறை வந்ததும் குளிசையையும் வாங்கி, பெயரையும் கேட்டேன். பசீலா, கிண்ணியா, தினமும் பாலம் கடந்து பஸ்ஸில் வருகிறேன் என்றாள்.

அன்றைக்கே அவளிடம் வேலை கேட்கவில்லை. பாமசி முதலாளியைத்தான் முதலில் போய்ப் பார்த்தேன். அவருடைய ஆளை நான் இரவல் கேட்கிறேன் என்பதை அவர் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். "கிழமையில மூண்டு நாள் எண்டீங்க, நல்லது. ஒம்பதரைக்குக் கடை திறக்கக்க அவ இங்க நிக்கணும் மிஸ். அது பிந்தாட்டி எனக்கு ஒண்டுமில்ல" என்றார். அதனால்தான் அவளுடைய நிகழ்ச்சி எட்டுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிறது, ஒன்பது ஐந்துக்கு வாசலில் ஆட்டோ நிற்கிறது. இந்த ஏழு வருடத்தில் அது ஒருநாளும் பிந்தியதில்லை. நிகழ்ச்சியில் அவள் என்ன செய்கிறாள் என்று உனக்குத் தெரியும். பாட்டுக்கு இடையில், முதல் நாள் கவுண்டரில் யாரோ கேட்டதைச் சொல்வாள். யார் என்று சொல்லமாட்டாள், மருந்தின் பெயரும் சொல்லமாட்டாள். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விற்றமினை ஒளித்துவைத்துக் கோழிக்குக் கொடுத்த கிழவியைப் பற்றி அவள் சொன்ன நாளில் ஒருமணித்தியாலமாகத் தொலைபேசி ஓயவில்லை. நீ கொழும்பில் இருந்து இணையத்தில் கேட்டுவிட்டு, "இந்த மனிசிக்கு எங்கயிருந்து அம்மா இவ்வளவும் வருது?" என்று என்னைக் கேட்டாயே. நான் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன், அவை அந்தக் கவுண்டரிலிருந்து வருகின்றன.

ஆளைக் கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை, வைத்திருப்பதுதான் வருடக்கணக்கான வேலை. அதை நான் பிழை விட்டுவிட்டுத்தான் படித்தேன். கலையகக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறதே, பெருநாள் அட்டவணை, அதை வந்த முதல் நாளே கிழித்துவிடாதே. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பசீலா மற்றவர்களுடைய நேரத்தையும் சேர்த்துச் செய்வாள். நத்தாருக்கு, தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்காக எங்கள் ஆட்கள் செய்வார்கள். பெருநாளுக்கு அவளுடைய இடத்தைத் தையல்கடைக்காரி எடுப்பாள். இரண்டாம் வருடம் நான் பெரிய கெட்டிக்காரியாகக் கலண்டரைப் பார்த்து, பெருநாள் வெள்ளிக்கிழமை என்று மையால் எழுதி ஒட்டிவிட்டேன். வியாழன் பின்னேரம் பிறை தெரியவில்லை. பெருநாள் சனிக்கிழமைக்குப் போய்விட்டது. தையல்கடைக்காரி வெள்ளிக்கிழமை வந்து செய்துவிட்டு, சனிக்கிழமை தைத்துக் கொடுக்க வேண்டிய வேலை குவிந்திருக்கிறது என்று தொலைபேசியையும் நிறுத்திவிட்டாள். எட்டு மணிக்குக் கதிரை வெறுமையாக இருக்கிறது. நான் யோசிக்காமல் பசீலாவுக்கு எடுத்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டில் நிறைய விருந்தாட்கள், புதுச் சட்டை, அப்படியே ஆட்டோவில் பாலம் கடந்து வந்து, முகம் வாடாமல் ஒரு மணித்தியாலம் செய்துவிட்டுப் போனாள். போகும்போது, "மாமி தந்துவிட்டவ" என்று வட்டிலப்பத்தை என் மேசையில் வைத்தாள். அந்த வட்டிலப்பத்தை நான் எந்த முகத்தோடு சாப்பிட்டேன் என்று கேட்காதே. சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை கிண்ணியாவுக்குப் போய் அவளுடைய மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த மனுஷி என்னை இருத்தி, சோறு போட்டு, கை கழுவத் தண்ணீர் வார்த்தார். பிறகு சொன்னார், "மிஸ், இந்தப் புள்ளயக் கூப்பிட்டா வருவா. மாட்டேன் எண்டு சொல்லத் தெரியாது. அதால நீங்கதான் கூப்பிடாம இரிக்கப் பழகணும்." ஒரு வானொலியை நடத்துவதைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில் உருப்படியானது அதுதான். அன்றிலிருந்து பெருநாள் கிழமையில் அட்டவணையைப் பென்சிலால் எழுதுகிறேன், இரண்டு நாளுக்கும் இரண்டு வரியாக. நீயும் அப்படியே எழுது. கணினியில் செய்யப் போகிறாய் என்றால் அதிலும் இரண்டு வரி போடு.

மாமி சொன்னதை வைத்துக்கொண்டு இப்போது உன் செய்தியைப் பார். நேற்றுக் காலை நிகழ்ச்சி முடிந்து, ஆட்டோ வாசலில் நிற்க, பசீலா என் அறை வாசலில் வந்து நின்றாள். ஏழு வருடத்தில் ஒன்பது ஐந்துக்குப் பிறகு அவள் அங்கே நின்றது அதுதான் முதல் தடவை. "மிஸ், உங்கட மகன் கேட்டதுக்கு நான் என்ன சொல்லுற?" என்றாள். உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன். "அவர் நல்ல மனசோடதான் கேட்டார். உங்கட மகன் வேற. எப்பிடி மிஸ் இல்லையெண்டுற?" முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டேன். "உன்ட விருப்பம் மகள் எண்டார். சனிக்கிழம புது ஆளப் பாக்கணும் எண்டு சொல்லிட்டார். கவுண்டர் சும்மா நிக்கேலாதுதானே." சொல்லிவிட்டு, எனக்காகச் சிரித்தாள். நான் மகனோடு கதைக்கிறேன், நீ போ, பிந்தப் போகுது என்று அனுப்பினேன். நீ அவளுக்குக் கொடுத்தது இரண்டு வழி என்று நினைக்கிறாய். அவளுக்குத் தெரிவது ஒரே வழி. வெள்ளிக்கிழமை அவள் உனக்கு ஓம் என்பாள். சனிக்கிழமை அவளுடைய இடத்தில் வேறு ஆள் நிற்கும். அதற்குப் பிறகு நீ மனம் மாறினாலும் அந்தக் கவுண்டர் அவளுக்குக் கிடைக்காது.

இதை நான் எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்று கேட்பாய். ஜெரோமை உனக்கு நினைவிருக்கும். நீ சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் காலை ஆறு மணிக்கு நம் வானொலியில் கடலும் மீனும் சொன்னவர். நீ பல் தீட்டிக்கொண்டே அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லித் திரிவாய். ஒருநாள் அவர் இல்லாமல் போனார். எங்கே என்று நீ கேட்டாய். "கூடச் சம்பளம் எண்டு கட்டாருக்குப் போயிட்டார், எங்களை நினைக்கேல்லை" என்றேன். அதற்குப் பிறகு அவருடைய பெயர் வந்தாலே உன் முகம் கோணும். அந்தக் கோணலை உனக்குக் கொடுத்தவள் நான். இன்றைக்கு அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஜெரோம் அப்போது துறைமுகப் பக்கத்தில் ஐஸ் கொம்பனியில் கிளார்க். படகுகள் ஐஸ் ஏற்ற வரிசையில் நிற்கும், அவர் ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சும்மா கூப்பிடமாட்டார். "அந்தோனியார், உங்கட முறை. பெட்டியைக் கழுவிப்போட்டுக் கொண்டுவாங்கோ, நேற்றைய சூரை இன்னும் மணக்குது" என்பார். நான் ரோட்டில் நின்று அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பிடித்த ஆள் அவர். ஏழு மணிக்கு வேலைக்குப் போக முன் நம்மிடம் வந்து அரைமணித்தியாலம் கதைப்பார். முதல் நாள் ஐஸ் ஏற்றினவர்கள் சொன்னதெல்லாம் அவருடைய வாயில் இருக்கும். எந்தப் படகு எங்கே நின்றது, கச்சான் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, பாரை ஏன் வரவில்லை, எல்லாம். எழுதி வைத்து ஒரு வரி வாசித்ததில்லை. மீன்பிடிக்கிற ஆட்கள் மட்டும் இல்லை, கடலையே பார்க்காத கந்தோர்க்காரர்களும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் சட்டை போட்டார்கள்.

அப்போது கொழும்பிலிருந்து ஒரு பெரிய ஆள் நம் கலையகத்தைப் பார்க்க வந்தார். ஜெரோமைக் கேட்டுவிட்டு, "இப்படிப்பட்ட ஆளைப் பகுதிநேரமாகவா வைத்திருக்கிறீர்கள்?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் வானொலி சின்னது என்று யாரோ விரலால் சுட்டிக் காட்டியது போல இருந்தது. அடுத்த கிழமையே ஜெரோமைக் கூப்பிட்டு, ஐஸ் கொம்பனியை விட்டுவிட்டு வாருங்கள், முழுநேர அறிவிப்பாளர் என்று போடுகிறேன் என்றேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஐஸ் தூள் பறக்கிற இடத்தில் நின்று கத்துவதைவிட, மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருப்பது நல்லது என்று யாருக்குத்தான் தோன்றாது? அவர் தலையைச் சொறிந்தார். "நீங்கள் சொன்னாச் சரி அக்கா" என்றார். உனக்கும் எனக்கும் ஒரே மூக்கு என்று ஊர் சொல்லும். இந்த விஷயத்தில் ஒரே புத்தியும்தான்.

முதல் மாதம் நன்றாகப் போனது. இரண்டாம் மாதம் அவர் பத்திரிகை வாங்கத் தொடங்கினார். மூன்றாம் மாதம் வானிலைத் திணைக்களத்தின் தாளை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். கதைப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் நாள் முழுக்க அவர் நம்மோடுதான் இருக்கிறார். எங்கள் மூன்று அறைகளில் என்ன கடல் இருக்கிறது? ஒருநாள் தாளைப் பார்த்து, கடல் அமைதி என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் காற்று அடித்து, ஒரு படகும் இறங்காமல் ஆட்கள் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொலைபேசியில் நேரடியாக வந்தார். "ஜெரோம் அண்ணை, நீங்கள் இப்ப கடலைப் பாத்தோ சொல்லுறியள், கடதாசியைப் பாத்தோ?" பின்னால் கரையில் நின்றவர்கள் சிரிப்பது ஒலிபரப்பில் கேட்டது. ஜெரோம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். நான் பாட்டைப் போடச் சொல்லிக் கை காட்டினேன்.

அன்று பின்னேரம் பழையபடி பகுதிநேரம் ஆக முடியுமா என்று கேட்டார். ஐஸ் கொம்பனியில் அவருடைய இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போதாவது என் பிழையை ஒத்துக்கொண்டு அவருக்கு வேறு வேலை தேடி நான் நடந்திருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? "எல்லாம் பழகிடும் ஜெரோம். இனிமேல் நான் எழுதித்தாறன், நீங்கள் வாசியுங்கோ" என்றேன். கடல் தெரியாத நான், கடல் தெரிந்த மனிதருக்குக் கடலைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதம் அவர் அதை வாசித்தார். பிறகு ஒரு காலை மேசையில், கலையகக் கதவைப் பூட்டித் திறக்க அவரிடம் கொடுத்திருந்த திறப்பு மட்டும் இருந்தது. கட்டாருக்கு அவர் போனது கூடச் சம்பளத்துக்கு இல்லை, இங்கே அவருக்கு ஒரு வேலையும் மிஞ்சவில்லை. பத்து வருடம் அங்கே இருந்தார். மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கினதைப் படத்தில்தான் பார்த்தார். அந்தத் திறப்பு இன்றுவரை என் அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே இருக்கிறது.

அவர் திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகிறது. மீன் இறங்குதுறையில் நிறுவை பார்க்கிறார். எனக்குத் தெரிந்தும், அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் மற்ற ரோட்டால் சுற்றிப் போனேன். நேற்று பசீலா வாசலில் நின்றுவிட்டுப் போன பிறகு என்னால் இருக்க முடியவில்லை. பின்னேரம் அப்பாவையும் கூப்பிடாமல் தனியாகப் போனேன். சீமெந்து நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து, லேஞ்சியால் துடைத்து, "இருங்கோ அக்கா, முழங்கால் சுகமில்லையாம்" என்றார். ஊரில் யாருடைய முழங்கால் எப்படி என்று இன்னும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"ஜெரோம், உங்களை வேலையை விடச் சொன்னது என்ர பிழை" என்றேன்.

"நான்தானே அக்கா விட்டனான். நீங்கள் கையைப் பிடிச்சு இழுக்கேல்லையே."

"இழுக்கேல்லை. ஆனா நான் கேட்டா நீங்கள் ஏலாது எண்டு சொல்லமாட்டியள். அது தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான்."

அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அது சரி" என்றார். அவ்வளவுதான். பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக நான் பயந்துகொண்டிருந்தது அந்த இரண்டு சொல்லுக்குத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் மற்றப் பக்கம் பார்த்து, இன்றைக்குக் கீரிமீன் மலிவு, இரண்டு கிலோ கட்டித் தரவா என்று கேட்டார். ஓம் என்றேன். இப்போது உன் அப்பா குசினியில் கிளீன் பண்ணிக்கொண்டு முணுமுணுக்கிற மீன் அதுதான்.

ஆகவே மகன், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே. இதை வாசித்து முடித்ததும் பசீலாவுக்கு எடு. விருப்பம் எப்படி என்று கேட்காதே, யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொல்லாதே. "நான் கேட்டது பிழை, பாமசியை விடவேண்டாம்" என்று நீயே சொல். அந்த வசனத்தை அவளால் சொல்ல முடியாது, உன்னால் முடியும். அவளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்கிற ஆசை உனக்கு அடங்காவிட்டால், அவள் செய்கிற மூன்று மணித்தியாலத்துக்கும் சம்பளம் கூட்டிக் கொடு, ஆட்டோவைப் பாமசிவரை மட்டும் இல்லாமல், காலையில் கிண்ணியாவிலிருந்தே ஒழுங்கு செய். பிறகு ஒருநாள் அவளாக வந்து, பாமசி அலுத்துவிட்டது, முழுநேரம் வாறன் என்று கேட்டால், அது வேறு கதை. அப்போதும் இரண்டு தரம் கேட்ட பிறகு கொடு. முதலாளியிடமும் நீயே போ. பழம் ஏதாவது வாங்கிக்கொண்டு போ, வெறுங்கையோடு போகாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. கீரியைக் கட்டித் தந்தபோது ஜெரோமிடம் கேட்டேன், திரும்ப வந்து அரைமணித்தியாலம் கதைப்பீர்களா, இந்த வேலையை விடாமல். ஏழு மணிக்கு நிறுவை முடியும், எட்டரைக்குத்தான் திரும்பக் கணக்கெழுதப் போகவேண்டும், இடையில் ஏலும் என்றார். எனக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. பிறகு சொன்னார், "ஆனா நீங்கள் இருக்கேக்க ஏலாது அக்கா. கோவம் எண்டு நினைக்காதேங்கோ. கண்ணாடிக்கு அங்கால நீங்கள் நிண்டு பாத்தா நான் வாசிக்கத் தொடங்கிடுவன். தம்பி வந்தாப் பிறகு வாறன்."

உன்னோடு ஒரு மாதம் பக்கத்தில் இருந்து எல்லாம் காட்டித் தருகிறேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். நீயும் அதைத்தான் கேட்டாய். நான் வரமாட்டேன். இந்த வெள்ளிக்கிழமையோடு என் கதிரை காலி. யாராவது கேட்டால் முழங்கால் என்று சொல், பாதி உண்மைதான். உனக்குத் தெரியாதது ஏதாவது வந்தால் பசீலாவிடமும் தபால் கந்தோர்க்காரரிடமும் கேள், அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இந்த உறைக்குள் சின்னக் கடதாசியில் சுற்றி ஒரு திறப்பு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஏழு மணியிலிருந்து வாசலில் நின்று அதை ஜெரோமின் கையில் நீயே கொடு. சட்டைக்கையில் செதில் ஒட்டியிருக்கும், அப்படியே உள்ளே விடு. நான் குசினியில் வானொலியைப் போட்டுக்கொண்டு இருப்பேன். கடல் எப்படி இருக்கிறது என்று எனக்கும் தெரியவேண்டும்.

அம்மா